கடைசி இரண்டு தாள்

பரவை மாதர் எழுத்து வட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. யாருடைய கதையோ கவிதையோ அச்சில் வருகிறதோ, அவள் மற்ற ஆறு பேருக்கும் இனிப்புச் சீயம் சுட்டுக் கொண்டு வர வேண்டும். சட்டத்தைப் போட்டவர் சின்னத்தாய் டீச்சர். எழுபத்தெட்டில் வட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அந்தச் சட்டப்படி நாலு வருசமாக ரெங்கம்மாள் அடுத்தவர் வீட்டுச் சீயத்தைத் தின்றுகொண்டிருந்தாள். தின்றதில் ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை. தங்கப்பொண்ணு தன் கவிதைக்குச் சுட்டதில் ஏலக்காய் தூக்கல். டீச்சரின் நாடகம் ரேடியோவில் வந்தபோது சுட்டதில் பூரணம் வெடித்து எண்ணெயைக் குடித்திருந்தது. தனக்கென்று அவள் ஒரு தடவைகூட மாவு கரைத்ததில்லை.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறை. சின்னப்பிள்ளைகள் பெஞ்சு என்பதால் ஏழு பொம்பளைகளும் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆண்களுக்குச் சோறு போட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பிள்ளைகளை எங்கேயாவது தள்ளிவிட்டு வந்த அலுப்பில் முதல் அரைமணி நேரம் ஊர்க்கதை ஓடும். யார் மகள் முழுகாமல் இருக்கிறாள், தேனூரில் யார் வீட்டில் சண்டை, எந்தக் கடைச் சேலை சாயம் போகிறது எல்லாம் பேசி முடிந்ததும் டீச்சர் அடிக்குச்சியால் மேசையைத் தட்டுவார். அப்புறம் கதை. படித்து முடித்தவளிடம் யாரும் 'நல்லாருக்கு' என்று சொல்லக்கூடாது. எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊரில் முதலில் சிரித்தார்கள். பிறகு வாரப் பத்திரிகைகளில் 'பரவை' என்ற பேர் வரத் தொடங்கியதும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு தடவை மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி விழாவுக்கு ஏழு பேரையும் கூப்பிட்டு மாலை போட்டார்கள். மறுநாள் பேப்பரில் படமும் வந்தது. அந்தப் படத்தில் ரெங்கம்மாளின் பாதி முகத்தைத் தங்கப்பொண்ணின் கனகாம்பரம் மறைத்திருந்தது. வேண்டுமென்றேதான் முன்னால் நகர்ந்தாள் என்று ரெங்கம்மாள் இன்றைக்கும் சொல்லுவாள்.

ரெங்கம்மாள் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக்காரி. விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்பு வரை படித்தவள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பத்திரிகைக்காரர்களுக்குத் தாளின் ஒரு பக்கம் மட்டும், ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி அனுப்ப வேண்டும். அதனால் வட்டத்தில் யார் கதை எழுதினாலும் படியெடுத்துக் கொடுப்பது அவள்தான். அவளுக்குப் பெருமையாக இருந்த வேலை அது. நாளாக ஆக அதுவே வயிற்றெரிச்சலாகப் போனது. ஒரே தாள், ஒரே மை, ஒரே கை. மற்றவர்கள் கதையை எழுதி அனுப்பினால் அச்சாகிறது. அவள் கதையை எழுதி அனுப்பினால் 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற துண்டுச்சீட்டோடு திரும்பி வருகிறது. ஏழு கதைகள் அப்படித் திரும்பி வந்து தகரப்பெட்டிக்குள் கிடந்தன. அந்தப் பெட்டியைத் திறக்கிற நாளில் அந்த வீட்டில் குழம்புக்கு உப்புக் கூடிப் போகும்.

அவளும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒச்சாயி வந்ததும்தான் பொறுக்க முடியாமல் போயிற்று.

ஒச்சாயி அவளுடைய ஓரகத்தி. ரெங்கம்மாளின் புருசன் காசிமாயனுக்கு ஒரே தம்பி சோணை, அவன் பெண்டாட்டி. அவனியாபுரத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் மூன்று ஏக்கர், நெல்லும் கத்தரியும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. மாமியார் செத்த பிறகு அடுப்படி ரெங்கம்மாள் கைக்கு வந்திருந்தது. கூட்டத்துக்குப் பருத்திப்பால் கொண்டு போகிற முறை அவளுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்குச்சட்டியைச் சுமக்க ஒச்சாயியைக் கூட்டிக்கொண்டு போனாள். அதுதான் அவள் செய்த தப்பு.

எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒச்சாயி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். "ஒச்சாயி, ஒனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லையா?"

"என்னத்தச் சொல்ல டீச்சர்? எங்க வீட்டுக்காரு மாட்டுத்தாவணிக்கு மாடு வாங்கப் போயி, குடை வாங்கிட்டு வந்தாரே, அதச் சொல்லவா?"

சொன்னாள். மழை பெய்ததாம். மாட்டுக்காரன் குடை வைத்திருந்தானாம். மாட்டுக்கு விலை பேசப் போனவன் குடைக்குள்ளே நின்று பேசிப் பேசி, கடைசியில் அந்தக் குடைமேல் ஆசைப்பட்டுவிட்டானாம். "மாட்டுக்கு ஈச்சக்கயிறு வாங்கி வச்சிருந்தேன் டீச்சர். அதை எடுத்துக் குடையக் கட்டிப்போட்டேன்" என்று அவள் முடித்தபோது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்கப்பொண்ணுக்குப் பருத்திப்பால் புரையேறியது. யாருக்கும் கொட்டாவி வரவில்லை.

"இத அப்படியே எழுதுடி" என்றார் டீச்சர்.

"எழுத்துக்கூட்டி எழுதத்தான் தெரியும் டீச்சர். கொம்பு எங்க போடணும் கால் எங்க போடணும்னு தெரியாது."

"அதுக்குத்தான் வீட்டுலயே ரெங்கம்மா இருக்காளே."

"அதுக்கென்ன, எழுதித் தாரேன்" என்றாள் ரெங்கம்மாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒச்சாயிக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

அன்றிலிருந்து ஒச்சாயி வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற நேரத்தில் எழுத ஆரம்பித்தாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், பென்சில், பெரிய பெரிய எழுத்து. ஐப்பசியில் சென்னைப் பத்திரிகை ஒன்று பொங்கல் சிறுகதைப் போட்டி அறிவித்தது. வட்டத்திலிருந்து நாலு பேர் அனுப்புவது என்று முடிவாயிற்று. நாலில் ஒன்று ரெங்கம்மாளுடையது. இன்னொன்று ஒச்சாயியுடையது. திங்கட்கிழமை டீச்சர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெங்கம்மாள் முறத்தைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் முகம் காட்டியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஒச்சாயி களை எடுக்கப் போயிருந்தாள். அவள் கொடுத்தது பதினோரு தாள். ரெங்கம்மாள் எதையும் முன்கூட்டிப் படிப்பதில்லை. படித்துவிட்டால் எழுதும்போது கை சலித்துவிடும் என்பாள். ஒரு தாளைப் பார்ப்பாள், எழுதுவாள், கவிழ்த்து வைப்பாள், அடுத்த தாளை எடுப்பாள்.

'பிள்ளை பெத்த பதினோராம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது' என்று கதை தொடங்கியது. உள்வீட்டில் பாயில் கிடக்கிற ஒரு பெண். அவள் அசைய முடியாமல் படுத்தபடியே அந்த வீட்டைப் பார்க்கிறாள். மாமியார் கண்மாய் அழிந்து ஊரே மீன் பிடித்த அன்றைக்கு வந்த விரால் மீனைத் துண்டு எண்ணி ஆம்பிளைகளுக்கு எடுத்து வைக்கிறாள். மாமியார் அந்தப்பக்கம் போனதும் மூத்த மருமகள் வருகிறாள். இரண்டு துண்டை எடுத்து உமிப்பானைக்குள் ஒளிக்கிறாள். எல்லாரும் போன பிறகு பானைக்குப் பின்னால் குத்தவைத்து, முள்ளைக்கூட விடாமல் சப்பித் தின்கிறாள். பாயில் கிடப்பவளுக்கு வாயெல்லாம் கசப்பு. அந்த மீன் வாசத்தில் அவளுக்கு எச்சில் ஊறுகிறது. மூத்தவள் திரும்பிப் பார்க்கிறாள். இரண்டு பேர் கண்ணும் சந்திக்கின்றன. 'அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.'

ஒன்பதாவது தாள் அத்தோடு முடிந்தது. ரெங்கம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

நடந்ததுதான். எட்டு வருசத்துக்கு முன்னால் இதே வீட்டில் நடந்தது. அவள் மீனைத் தின்றாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதற்காகத் தின்றாள்? ஒச்சாயிக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போய், அவள் மகள் செல்லக்கிளி கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடந்தது. ரெங்கம்மாளுக்கும் அப்போது கைப்பிள்ளை. நாற்பது நாள் இரண்டு பிள்ளைக்கும் அவள் ஒருத்திதான் பால் கொடுத்தாள். சாற்றையும் கஞ்சியையும் குடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைக்குப் பால் எங்கேயிருந்து வரும்? மாமியாரிடம் கேட்டால் கிடைக்காது. அதனால் ஒளித்தாள்.

"தின்னத எழுதியிருக்கா. எதுக்குத் தின்னேன்னு எழுதலையே இந்த நாயி" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

மிச்சமிருந்த இரண்டு தாளை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் பாதி. மீதியையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒன்பது தாளும் நன்றாக இருந்தன. போட்டிக்கு எழுதியதோடு அவள் எட்டுக் கதை எழுதியிருக்கிறாள், ஒன்றிலும் இந்த மாதிரி ஒரு முள் இல்லை. எழுத்துக்கூட்டி எழுதுகிறவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு எரிந்தது. வாலை நறுக்கிவிட்டால் கதை மொட்டையாக நிற்கும், மொட்டைக் கதையை எவன் போடுவான், தன் கதையைப் போல இதுவும் சீட்டோடு திரும்பி வரட்டும் என்று நினைத்தாள். 'சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்' என்பதற்குக் கீழே அழகாக 'முற்றும்' என்று எழுதினாள். இரண்டு தாளையும் தகரப்பெட்டிக்குள் போட்டாள். அடுப்பில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த மட்டுக்கு அவளும் எழுத்தாளர்தான்.

தை பிறந்து இரண்டாவது வாரம், டீச்சர் சேலை முந்தானை தரையில் புரள வீட்டுக்கே ஓடி வந்தார். கையில் பொங்கல் மலர்.

"ஒச்சாயி எங்க? ஏ ஒச்சாயி! மொதப் பரிசுடி ஒனக்கு!"

ஒச்சாயி தொழுவத்திலிருந்து சாணிக் கையோடு வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, டீச்சர் விரித்துப் பிடித்த பக்கத்தை எட்டிப் பார்த்தாள். "என் பேரு போட்டிருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். பேரைத் தொட்டுப் பார்க்கப் போனவள் சாணியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்க கதை?" என்று திரும்பினாள்.

"எனக்கு வரல. வந்தா என்ன, வராட்டி என்ன. ஒரே வீடுதான" என்றாள் ரெங்கம்மாள். அவளுடைய எட்டாவது கதை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே திரும்பி வந்திருந்தது.

அந்த மாதம் சீயம் அந்த வீட்டு அடுப்பில்தான் சுட வேண்டியிருந்தது. ஒச்சாயிக்குப் பலகாரம் வராது. பச்சரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, ஆட்டி, பாசிப்பருப்பை வேகவைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் போட்டவள் ரெங்கம்மாள். முதல் முறையாகத் தன் கையால் வட்டத்துக்குச் சீயம் சுடுகிறாள், அதுவும் இவள் கதைக்கு. எண்ணெய் தெறித்து முழங்கையில் இரண்டு இடம் கொப்பளித்தது. வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிசம் யோசித்தாள். போடவில்லை. சுட்டவள் யாரென்று எல்லாருக்கும் தெரியுமே.

கூட்டத்தில் டீச்சர் கதையை முழுக்கப் படித்தார். படித்து முடித்துவிட்டு மேசையை அடிக்குச்சியால் தட்டினார். "போட்டி நடத்துனவங்க என்ன எழுதிருக்காங்க தெரியுமா? 'முடிவுக்காகவே முதல் பரிசு'ன்னு எழுதிருக்காங்க. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாளாம். அம்புட்டுத்தான். வேற எவளா இருந்தாலும் அதுக்கப்புறம் ரெண்டு பக்கம் அழுது தீத்திருப்பா."

"டீச்சர், நான் அதுக்கப்புறம்..." என்று ஒச்சாயி எழுந்தாள்.

"அதுக்கப்புறம் ஒண்ணும் வேணாம்டி. எந்த எடத்துல நிறுத்துன பாரு, அதுதான் எழுத்து."

ஒச்சாயி உட்கார்ந்துவிட்டாள். ரெங்கம்மாள் பாதி கடித்த சீயத்தைக் கீழே வைத்தாள். முதலில் வந்தது பயம். அடுத்து வந்ததுதான் அவள் எதிர்பார்க்காதது. நிறுத்தியது யார்? அந்த இடத்தில் 'முற்றும்' போட்டது எந்தக் கை? நாலு வருசம் இந்தப் பெஞ்சில் முழங்கால் வலிக்க உட்கார்ந்து, இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அது அவளுக்கே வந்தும் அவளால் வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆறு பேரும் ஒச்சாயியைப் பாராட்டிவிட்டு ஓரக்கண்ணால் ரெங்கம்மாளைப் பார்த்தார்கள். மூத்தவள் யாரென்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீக்கடைப் பால்பாண்டி பத்திரிகையை வாங்கிக் கடையில் கட்டித் தொங்கவிட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வாசித்துக் காட்டினான்.

"காசிமாயண்ணே, வீட்டுல இன்னைக்கு மீனா? உமிப்பானையில தேடிப் பாத்தீகளா?" என்று ஒருநாள் அவன் கேட்க, கடையே சிரித்தது. காசிமாயன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தான். வந்த வேகத்தில் தம்பியைக் கூப்பிட்டான்.

"சோணை, போதும்டா. பெத்த தாயி மீனை எண்ணி வச்சதும், என் பொண்டாட்டி திருடித் தின்னதும் ஊரு பூராம் ஓடுது. ஒரே அடுப்புல இருந்து சோத்தத் தின்னுட்டு ஊரச் சிரிக்க வைக்கிறதுக்கு, அடுப்பப் பிரிச்சுக்குவோம். நெலத்தையும் பிரிச்சுக்குவோம்."

"அண்ணே, அது கதைண்ணே."

"கதையில எதுக்குடா உமிப்பானை வருது? நம்ம வீட்டு உமிப்பானை!"

ஒச்சாயி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். ரெங்கம்மாள் அடுப்பில் இருந்த வெஞ்சனத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் துவைகல்லில் ஒச்சாயி வாயைத் திறந்தாள். "அக்கா, என் மேல கோவமா? நீங்கதான் எழுதி அனுப்புனீக, ஒங்களுக்குத் தெரியாதா? கடைசி ரெண்டு தாள அந்தப் பத்திரிகைக்காரவுக வெட்டிட்டாகக்கா. எடம் இல்லைன்னா வெட்டுவாகன்னு டீச்சர் முன்னாடியே சொல்லியிருக்காக. அந்த ரெண்டு தாளும் இருந்திருந்தா இம்புட்டுப் பேச்சு வந்திருக்குமா?"

ரெங்கம்மாள் சேலையைப் பிழிந்தாள். பிழிந்த சேலையையே மறுபடியும் பிழிந்தாள். "ஆமா" என்றாள்.

"அதுல நீங்க மீன் வாசத்தோட வந்து எம்பிள்ளையத் தூக்குனத எழுதியிருந்தேன்ல. நீங்க படிச்சிருக்கீகன்னுதான் தைரியமா இருந்தேன்."

அன்று மத்தியானம் ரெங்கம்மாள் தகரப்பெட்டியைத் திறந்தாள். திரும்பி வந்த எட்டுக் கதைகளுக்கு மேலே அந்த இரண்டு தாளும் கிடந்தன. படித்தாள். 'அக்கா மீன் வாசத்தோடு வந்தாள். என் பக்கத்தில் கத்திக்கொண்டு கிடந்த பிள்ளையை எடுத்தாள். ஒரு பக்கம் அவள் மகன், ஒரு பக்கம் என் மகள். நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.' இதுவரைக்கும் அரைத் தாள். மிச்ச ஒன்றரைத் தாளும் புகழ்ச்சி. அக்கா குலதெய்வம் மாதிரி, அக்கா இல்லையென்றால் என் பிள்ளை மண்ணுக்குள் போயிருக்கும், ஏழு சென்மத்துக்கும் இப்படி ஒரு அக்கா வேண்டும்.

ரெங்கம்மாள் அழுதாள். கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு இரண்டாம் தடவை படித்தபோது, கண்ணீர் காய்வதற்கு முன்னாலேயே அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. இந்த இரண்டு தாளும் இருந்திருந்தால் பரிசு வந்திருக்காது.

அதற்குள் ஒச்சாயி இரண்டு தாள் வெட்டுப்பட்ட விசயத்தைச் சோணையிடம் சொல்லி, சோணை அண்ணனிடம் சொல்லியிருந்தான். வட்டம் தன் கதைகளை எல்லாம் சேர்த்துச் சித்திரைத் திருவிழாவுக்குள் ஒரு புத்தகம் போடுவதாக இருந்தது. மதுரையில் அச்சாபீஸ் பேசியாயிற்று. படியெடுக்கிற வேலை வழக்கம்போல ரெங்கம்மாளுக்குத்தான். காசிமாயன் சாப்பிட உட்கார்ந்தபோது தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"புத்தகத்துல அந்த ரெண்டு தாளையும் சேத்து எழுது. பிள்ளைக்குப் பால் குடுத்தவன்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும். பால்பாண்டி கடையில நானே நின்னு வாசிக்கச் சொல்றேன். சேந்துச்சுன்னா அடுப்பு ஒண்ணா இருக்கும். இல்லைன்னா திருவிழா முடிஞ்ச மறுநாள் ரெண்டு அடுப்பு."

ரெங்கம்மாள் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். மூன்று நாள் அதையே யோசித்தாள். இரண்டு தாளை எழுதிச் சேர்த்தால் ஊரில் அவள் பேர் நிமிர்ந்துவிடும், புருசன் கோபம் அடங்கும், வீடு பிரியாது. பேனாவை எடுத்து உட்கார்ந்தால் அந்த 'முற்றும்' வரைக்கும் ஓடும் கை அதற்கு மேல் ஓட மறுத்தது.

நாலாம் நாள் கத்தரிக்காய் பறிப்பு. மாசி வெயில் காலையிலேயே சுள்ளென்று இருந்தது. ஒரு பாத்திக்கு இந்தப்பக்கம் ரெங்கம்மாள், அந்தப்பக்கம் ஒச்சாயி, நடுவில் கூடை. காம்பில் இருக்கிற முள் குத்தாமல் திருகிப் பறித்து, சொத்தையை வரப்பில் எறிந்து, நல்லதைக் கூடையில் போட்டபடி நகர்ந்தார்கள். சோணை மோட்டார் கொட்டகையில் இருந்தான். பேச்சுக் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை.

"ஒச்சாயி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

"அந்த ரெண்டு தாளப் பத்திரிகைக்காரவுக வெட்டல. நாந்தான் வெட்டுனேன். எழுதாமயே அனுப்பிச்சேன்."

ஒச்சாயியின் கை காம்பிலேயே நின்றது. "எதுக்குக்கா?"

"பொறாமை. வேற என்ன? நான் வருசக்கணக்கா எழுதி எழுதித் திரும்பி வருது. ஒனக்கு மொதக் கதையே போயிருமோன்னு வயிறு எரிஞ்சுச்சு. அதோட, நான் மீனத் தின்னத எழுதிட்ட, எதுக்குத் தின்னேன்னு எழுதலைன்னு நெனச்சேன். தாளத் திருப்பிப் பாக்கல. கெட்டுப் போகட்டும்னுதான் வெட்டுனேன்."

"ஒரு தாளத் திருப்பிப் பாத்திருக்கலாமேக்கா." ஒச்சாயிக்குக் குரல் உடைந்தது. "என்னய அம்புட்டு மோசமாவா நெனச்சீக? நாப்பது நாளு எம்பிள்ளைக்குப் பால் குடுத்தவுகள மறப்பனா?"

"நெனச்சேன். அதுக்கு நீ என்னய என்ன வேணும்னாலும் பேசு."

ஒச்சாயி இரண்டு செடி தள்ளிப் போய்ப் பறித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பி வந்தபோது கொஞ்சம் தெளிந்திருந்தாள். "போகட்டும்க்கா. இப்பச் சேத்து எழுதிருங்க. நம்ம வீட்டுப் பெரியவுகளும் அதத்தான சொல்றாக. ஒங்க பேரு நிமிந்துரும்."

"சேக்க மாட்டேன்."

"என்னக்கா சொல்றீக?"

"அந்த ரெண்டு தாளும் நல்ல மனசுடி. கதை இல்ல. கதை நீ திரும்பிப் படுத்ததோட முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல ஒரு எழுத்து எழுதுனாலும் செத்துரும்." ரெங்கம்மாள் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். "இன்னொண்ணும் இருக்கு. மறைக்காமச் சொல்லிர்றேன். அந்தக் கதையில அம்புட்டுப் பேரும் மெச்சுற எடம் நான் நிறுத்துன எடம். எட்டுக் கதை எழுதியும் எனக்குக் கெடைக்காதது அங்க கெடைச்சிருக்கு. ஊரு என்னய மீன்திருடின்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும். அத மட்டும் நான் விட மாட்டேன்."

ஒச்சாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள். "அப்ப டீச்சர் மேசையத் தட்டி 'அதுதான் எழுத்து'ன்னு சொன்னாகளே, அது என்னயச் சொன்னது இல்லையா?"

"கதைக்கு ஒன்னயத்தான் சொன்னாக."

"நிறுத்துனதுக்கு?"

ரெங்கம்மாள் ஒரு சொத்தைக் காயை வரப்பில் எறிந்தாள். ஒச்சாயியின் முகம் மாறியது. அழுத கண் காய்ந்து, உதடு இறுகி, மூக்கு விடைத்தது. அவ்வளவு நேரம் இல்லாத ஒரு எரிச்சல் அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது. அது என்ன எரிச்சல் என்று ரெங்கம்மாளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பெரியவுகளுக்கு என்ன பதில் சொல்லுவீக?"

"நான் வெட்டுனதச் சொல்லிருவேன். நாலு நாளைக்கு வைவாரு. ஒம்மேல தப்பில்லைன்னு தெரிஞ்சா அடுப்பப் பிரிக்க மாட்டாரு. அவர நான் பாத்துக்கிறேன். அப்படியே டீச்சர்கிட்டயும் சொல்லிரலாம்னு இருக்கேன்."

ஒச்சாயி செடியைத் தாண்டி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கத்தரி முள் குத்திய கை, சொரசொரவென்று இருந்தது.

"பெரியவுககிட்டச் சொல்லுங்க. டீச்சர்கிட்டச் சொல்லாதீக."

"ஏண்டி?"

"மீனத் தின்னவுகங்கிற பேரு ஒங்களுக்கு வந்துருச்சு. நிறுத்துனவங்கிற பேரு எனக்கு வந்துருச்சு. ரெண்டும் அப்படி அப்படியே இருந்துட்டுப் போகட்டும்க்கா."

ரெங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிடித்த பிடியை ஒச்சாயி விடவில்லை.

"அடி சண்டாளி" என்றாள் ரெங்கம்மாள். "இப்பத்தாண்டி நீ எழுத்தாளர் ஆயிருக்க."